ஏழு வயசுப் பொமேரியன்: ஒரு பழைய இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்

முதலில், இந்த நாயை எங்களுக்குத் தத்துக் கொடுத்த காப்பகத்துக்கு மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நாயால் குறையவில்லை.

இதுவரை நான் எழுதிய விமர்சனங்கள் எல்லாம் மிக்ஸி, இன்வர்ட்டர் பேட்டரி, கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டி மோட்டார் என்ற ரகம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபர்னிஷிங் டிவிஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஷெல் டிவிஷன்காரர்கள் வெறும் கூடாகச் செய்து அனுப்பும் ரயில் பெட்டிக்குள் ஜன்னல், பெர்த், கக்கூஸ், லைட் எல்லாம் ஏறிய பிறகு, எது சரியாக உட்காரவில்லை என்று பார்த்து எழுதுவது என் பிழைப்பு. குறையே இல்லை என்று எழுதி ஒரு பெட்டி வந்தால் அதைத்தான் இரண்டாவது தடவை பார்ப்போம். பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, எழுதினவன் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அந்தப் புத்தியோடு படித்ததால்தான் அந்தக் காப்பகம் போட்ட இந்த விளம்பரம் கண்ணில் நின்றது. ஓசூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதில் இருந்தது இது:

“பெண். பெயர் பொம்மி. வயது ஏழு இருக்கலாம். பல் தேய்ந்திருப்பதால் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். எடை 6.8 கிலோ. கருத்தடை முடிந்தது. இடது பின்னங்காலை அவ்வப்போது தூக்கிக்கொண்டு நடக்கும். இருமும். மாடிப்படி ஏறத் தெரியாது. ஆண்கள் குனிந்து தொட்டால் பிடிக்காது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். அழகாக இருக்கும்.”

கடைசி இரண்டு வார்த்தையை விட்டால் பாதிக்கு மேல் குறைப் பட்டியல். நாய் தத்தெடுப்பு விளம்பரங்கள் நிறைய வருகின்றன. ‘கண்ணைப் பாருங்கள், மனசு கரையவில்லையா, நாளைக்குள் வீடு கிடைக்காவிட்டால் மறுபடி தெருதான்’ என்று மிரட்டுகிற மாதிரியே இருக்கும். படித்தால் எனக்கு மனசு கரையாது, சந்தேகம்தான் வரும். இங்கே ஒருத்தர் உட்கார்ந்து, இந்த நாயை வாங்கினால் உனக்கு என்னென்ன தொல்லை என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். போன் போட்டேன்.

அந்தக் காப்பகத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்களே கேட்டுக்கொண்டது. பெயரும் இடமும் வெளியே பரவினால் ராத்திரியோடு ராத்திரியாக அட்டைப் பெட்டியில் குட்டிகளைப் போட்டு கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். அம்பத்தூர்ப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். அந்த வட்டாரத்தில் உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் விசாரித்தால் வழி காட்டுவார்.

போனில் பேசிய பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயது இருக்கும். வீடு எத்தனையாவது மாடி, பகலில் யார் இருப்பார்கள், இதற்கு முன்னால் நாய் வளர்த்தீர்களா, அது எப்படிச் செத்தது (இதைக் கேட்டார்கள்!), எந்த டாக்டரிடம் காட்டினீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு இது:

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வயசு?”

“அறுபத்தி நாலு.”

“ஆன்ட்டிக்கு?”

“அறுபது.”

“சின்ன நாய் பதிமூணு, பதினஞ்சு வருஷம்கூட இருக்கும். பொம்மிக்கு இன்னும் பாதி ஆயுசு பாக்கி. நடுவுல உங்க ரெண்டு பேருக்கும் முடியாமப் போச்சுன்னா யாரு எடுத்துப்பாங்க?”

எல்.ஐ.சி. ஏஜென்ட்கூட என்னிடம் இதை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் என் மனைவி போனை வாங்கிவிட்டாள். “எங்க பொண்ணு எடுத்துப்பா. எழுதிக்கோம்மா” என்றாள். “வாயால சொன்னாப் போதாது ஆன்ட்டி, அவங்க கையெழுத்து வேணும்” என்றது அந்தப் பெண். மகள் அன்றைக்கு ராத்திரியே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பினாள். “அப்பா, உங்க நாமினி படிவத்துலகூட இவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போடலை” என்று கிண்டல் வேறு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி முக்கியம். எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாயை அவர்களிடம்தான் திருப்பித் தர வேண்டும்; மச்சான், எதிர் வீட்டுக்காரர் என்று நாமாக யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. திருப்பித் தந்தால் ஏன் என்று கேட்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறது. பொருள் விற்கிற எந்தக் கடையும் எனக்கு இந்த வாக்குறுதியைத் தந்ததில்லை.

அப்புறம் வீட்டைப் பார்க்க ஒரு பையன் வந்தான். வில்லிவாக்கத்தில் எங்களுடையது முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. நேராகப் பால்கனிக்குப் போய்க் கிரில் கம்பிகளுக்கு நடுவில் கையை மடக்கி விட்டுப் பார்த்தான். “தலை போனா உடம்பு போயிடும் அங்கிள். வலை அடிச்சிட்டு போட்டோ அனுப்புங்க, அப்புறம் கூட்டிட்டு வரலாம்.” காபி கொடுத்தோம், குடித்தான், ஆனால் வலை விஷயத்தில் இறங்கி வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் அடுத்தவர்களுக்குச் செய்ததை எனக்கு ஒருத்தன் செய்தான். நல்ல பையன்.

இனி நாயைப் பார்க்கப் போன கதை. பொம்மி காப்பகத்தில் இல்லை. ஒரு அம்மா தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் இதை ஃபாஸ்டர் என்கிறார்கள். காப்பகக் கூண்டில் ஒரு நாய் எப்படி இருக்கும் என்பது வேறு, குக்கர் விசில் அடிக்கிற, டி.வி. ஓடுகிற வீட்டில் எப்படி இருக்கும் என்பது வேறு. விளம்பரத்தில் இருந்த குறைகள் எல்லாம் இவர் வீட்டில் பார்த்து எழுதியவை. ஒவ்வொன்றையும் எனக்கு நேரில் காட்டினார்.

இருமல். பொமேரியன் மாதிரிச் சின்ன ஜாதிகளில் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து போவது சகஜமாம். சந்தோஷத்தில் குதித்தாலோ கழுத்தில் இழுத்தாலோ வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டவே கூடாது. மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் மட்டும்தான். உடம்பு கூடினால் இருமல் கூடும், அதனால் ஏழு கிலோவைத் தாண்டவிடக் கூடாது. ஹார்னஸையும் அவரே தந்தார், பழசுதான், துவைத்து வைத்திருந்தார்.

கால். முழங்கால் சில்லு தன் பள்ளத்தை விட்டு நழுவி நழுவித் திரும்புகிறது. நாலு கிரேடில் இது இரண்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கிரேடு என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதாவது இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வழுக்குகிற டைல்ஸில் பாய் போடவும், சோபாவிலிருந்து குதிக்க விடாதே.

பல். முன்பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்து வேரோடு இருக்கின்றன. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்தது. குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைத்திருந்து, இனிமேல் உபயோகமில்லை என்றதும் ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் போன நாய் இது. தொங்கிப்போன மடியைப் பார்த்தாலே தெரிகிறது. நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விதி இருக்கிறது. பொம்மியின் பல்லும் இருக்கிறது.

மாடிப்படி ஏறத் தெரியாதது காலால் மட்டுமல்ல. படி என்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை என்றார் அந்த அம்மா. புல்லையும் பார்த்ததில்லை. முதல் தடவை புல்லில் விட்டபோது நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றதாம்.

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். குனிந்து தொடக் கூடாது என்றுதானே எழுதியிருந்தது, குனியவில்லை. வெகுநேரம் என் செருப்பு கழற்றின காலை மட்டும் மோந்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டது. “இன்னிக்கு இவ்வளவுதான். பரவால்ல, இது நல்லாவே போச்சு” என்றார் அவர். அதற்கப்புறம் ஒரு வாரம் யோசிக்கச் சொன்னார்கள். யோசிக்க எனக்கு எதுவும் இல்லை, ஆனால் அவர்கள் விதி அது.

குட்டி வாங்காமல் ஏழு வயசு நாயை ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு என் எதிர் வீட்டைத்தான் காட்டுகிறேன். அவர்கள் ஒரு சந்தையில் ‘பாக்கெட் பொமேரியன், இதுக்கு மேல வளராது’ என்று கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த குட்டியை வாங்கி வந்தார்கள். கண் திறந்து எத்தனை நாள் ஆயிருக்குமோ. இப்போது அது சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு படுக்கிறது. அதுவாவது பிழைத்தது. அப்படி வாங்குகிற குட்டிகளில் பல, தடுப்பூசி முடிவதற்குள் பார்வோ வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்து செத்துப்போகின்றன. வளர்ந்த நாயில் இந்தச் சூதாட்டம் இல்லை. எவ்வளவு பெரிசு ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை, ஆகிவிட்டது. குணம் எப்படி இருக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை, ஒரு அம்மா கூடவே இருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பெட்டி ஓட்டிப் பார்த்த பிறகு நம் கைக்கு வருகிறது.

விலை கிடையாது. கருத்தடைக்கும் பல் சுத்தம் செய்ததற்கும் ஆன செலவின் பில்லைக் காட்டி, முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம்.

குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் கொஞ்சம் முறுக்கினார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் போட்ட சுற்றறிக்கையின் நகலைக் காப்பகத்திலேயே கோப்பில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். செல்லப்பிராணி வைக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது என்கிறது அது. காட்டினேன். விஷயம் முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை நீட்டி எழுத விருப்பமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குளிப்பாட்டாதே, விருந்தாளிகளைக் கூப்பிடாதே, பேரை மாற்றாதே, கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதே என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசம் ஆனால்தான் தன் வீடு என்று தோன்றும் என்பது இவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. பொம்மி அந்தக் கணக்கைவிடத் தாமதம். சாப்பாட்டில் என் மனைவிக்குப் பெரிய ஏமாற்றம்: வீட்டில் செய்யும் பாதிக்கு மேல் அதற்கு ஆகாது. சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம், சின்ன வெங்காயம் வெந்திருந்தாலும் அப்படித்தான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எல்லாம் விஷம். ஆக, பாயசத்தில் மிதப்பதுகூடச் சந்தேகத்துக்குரியது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். வேகவைத்த கோழி, சாதம், பூசணிக்காய், முட்டை. உப்பு கிடையாது. எனக்கும் பி.பி. என்பதால் என் தட்டும் அதே பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

காப்பகக் குறிப்பைச் சரிபார்க்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 1903-ல் ஆரம்பித்த இடம், ஊரில் இருக்கிற ஆடு, மாடு, கிளி, பூனை எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். காலையில் சீக்கிரம் போங்கள். ஒரு டாக்டரும் அவரைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகளும் காலைப் பிடித்துப் பார்த்தார்கள். அதே கிரேடு இரண்டு. இருமலும் அதே. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தார்கள். காப்பகத்தில் வரும்போது எர்லிக்கியா இருந்து, டாக்ஸிசைக்ளின் கொடுத்துத் தீர்த்ததாக எழுதியிருந்தது. இப்போது இல்லை. மொத்தப் பட்டியலும் தேறியது. பட்டியலில் இல்லாத ஒரே குறையை நான்தான் கண்டுபிடித்தேன்: குறட்டை. ஃபாஸ்டர் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “அப்படியா? எங்க வீட்ல என் வீட்டுக்காரர் சத்தத்துல கேட்கலை போல. எழுதிக்கறேன்” என்றார்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம்.

தடுப்பூசிப் புத்தகம் தருவதில் இழுத்தடித்தார்கள். யாரிடமோ இருக்கிறது, அவர் ஊரில் இல்லை, வந்ததும் அனுப்புகிறோம் என்று போயிற்று. இது சின்ன விஷயம் இல்லை. சென்னை மாநகராட்சி உரிமம் வாங்க வெறிநாய்க்கடி ஊசி போட்ட சான்று கேட்கிறது. வருஷத்துக்கு 50 ரூபாய்தான் கட்டணம், ஆனால் காகிதம் இல்லாமல் நகராது. மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமமும் சிப்பும் இல்லாமல் வைத்திருந்தால் 5000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்திருக்கிறார்கள். (சிப் என்றதும் நாய் எங்கே போனாலும் போனில் காட்டும் என்று எதிர் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். காட்டாது. அரிசி மணி அளவு, உள்ளே 15 இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். பக்கத்தில் ஸ்கேனர் வைத்தால்தான் படிக்கும். தொலைந்த நாயை யாராவது டாக்டரிடம் கொண்டுபோனால் உபயோகம்.) நாயின் உடம்பைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோப்பைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை என்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஷாப்பில் பெட்டி போகும்போது புத்தகமும் கூடவே போகும்.

அப்புறம் படங்கள். எல்லாம் மேலேயிருந்து எடுத்தவை, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மாதிரி. நடக்கிற வீடியோ ஒன்று போட்டிருந்தால் காலைப் பற்றி எழுதவே வேண்டியிருந்திருக்காது. வாட்ஸ்அப்பில் ‘பொம்மி எப்படி இருக்கா?’ என்று ராத்திரி பதினொன்றரைக்குக் கேட்பதையும் குறைக்கலாம். வேலைக்குப் போய் வந்துதான் இதைச் செய்கிறார்கள், சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள் என்பது தெரியும். தெரிந்தேதான் குறைத்திருக்கிறேன்.

ஒரு விதி மட்டும் யார் கேட்டாலும் தளர்த்த மாட்டார்கள்: தீபாவளி நெருங்கினால் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்புவதில்லை. பழகாத வீடு, வெடிச் சத்தம், திறந்த கதவு. மூன்றும் சேர்ந்தால் நாய் ஓடிவிடும். எங்களைத் தீபாவளிக்கு அப்புறம் வரச் சொன்னதும் அதனால்தான்.

இதை இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் பட்டாணி. பொம்மியைப் பார்க்கப் போன வீட்டில் அடுப்படி வாசலில் படுத்திருந்த இன்னொரு நாய். அவனுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. நாங்கள் எடுக்க முடியாததற்குக் காரணம் கீழே பட்டியலிலேயே இருக்கிறது. அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆண். டாஷன் கலப்பு, காபிக் கொட்டை நிறம். எட்டு வயது இருக்கும். 9 கிலோ. கருத்தடை, ஊசி முடிந்தது, புத்தகம் கையில் இருக்கிறது (கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்). ஊருக்குப் போகிறோம் என்று நாய்கள் தங்கும் விடுதியில் விட்டுவிட்டுப் போன பழைய வீட்டுக்காரர்கள் திரும்பி வரவில்லை, நம்பரையும் மாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் புரை ஆரம்பம். நீள முதுகு ஜாதி. முதுகுத்தண்டு டிஸ்க் ஒரு தடவை பிசகி, மருந்திலும், நடமாடாமல் கூண்டில் வைத்த ஓய்விலும் சரியாயிற்று, மறுபடி வரலாம். குதிக்கக் கூடாது, படி ஏறி இறங்கவே கூடாது, தூக்கினால் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தாங்கித் தூக்க வேண்டும். பூனை ஆகாது. மற்ற நாய் பரவாயில்லை. ஆண், பெண், குழந்தை யார் தொட்டாலும் சரி. வெளியே போய்த்தான் ஒண்ணுக்கு இருப்பான், வீட்டுக்குள் அசுத்தம் செய்ய மாட்டான். தபால்காரரைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டுத் தட்டைத் திருடுவான். தனியாக நாலு மணி நேரத்துக்கு மேல் விட்டால் ஊளையிடுவான், அதனால் பகலில் ஆள் இருக்கும் வீடாக இருக்க வேண்டும்.

தரைத்தளம் மட்டும். லிஃப்ட் இருக்கிறது என்று மேல்மாடிக்காரர்கள் கேட்க வேண்டாம், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.